விழுப்புரத்திலிருந்து வரும் மருந்து

திருச்சுழி,
28.10.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பொன்னுத்தாய் எழுதுவது. நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பேச்சியைத் தவிர எல்லோரும் சுகம்.

அவளுக்கு மறுபடியும் சளி. ஆடியில் ஒரு தடவை, ஆவணிக் கடைசியில் ஒரு தடவை, இப்போது மூன்றாவது. முதலில் மூக்கு ஒழுகுகிறது. இரண்டு நாளில் இருமல். அப்புறம் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம், கூடவே காய்ச்சல். பத்து நாள் கிடந்து எழுந்திருக்கும்போது ஏறின சதையெல்லாம் இறங்கிப் போயிருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கினால் கனமே தெரியவில்லை.

உங்கள் மருந்துப் பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு சீசாவின் மூடி உடைந்து, சீனி உருண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நாலு உருண்டை கொடு என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டியில் நாலு எது என்று நான் எப்படி எண்ணுவேன்? கிள்ளிக் கொடுத்தேன். அது சரியா தப்பா என்று உங்கள் பதில் வருவதற்குள் காய்ச்சல் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஏறியிருக்கும்.

நீங்கள் கேட்ட நாற்பது கேள்விக்கும் தனித்தாளில் பதில் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறாள் என்றால், எல்லாப் பக்கமும்தான். இனிப்பா உப்பா என்றால் இரண்டும். இடிக்குப் பயப்படுகிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணே, இங்கே இடி இடித்து எத்தனை மாதமாகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை பயப்படுகிறாளா என்று பார்ப்பதற்காவது ஒரு இடி இடித்தால் தேவலை. கண்மாயில் ஆடு மேய்கிறது.

காப்பி ஆகாது, பச்சை வெங்காயம் ஆகாது, பெருங்காயம் ஆகாது, கற்பூரம் ஆகாது என்கிறீர்கள். நாங்கள் இருப்பது கடை வீடு. முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் மிளகாய் வத்தல் கொள்முதல். வாசனையே இல்லாத மூலை எங்கே இருக்கிறது?

உங்கள் மாப்பிள்ளை, அருப்புக்கோட்டை டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று நாலு தடவை சொல்லிவிட்டார்கள். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். பேச்சி பிறந்தபோது தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளை மேல் ஊசி படக்கூடாது என்று நீங்கள் வாங்கிய சத்தியம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் மகன் சோலை ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் உங்கள் முகத்தைப் பார்த்தவள்.

மதினிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
பொன்னுத்தாய்


விழுப்புரம்,
5.11.1968

அன்புத் தங்கை பொன்னுத்தாய்க்கு,

அண்ணன் அருஞ்சுனையின் ஆசீர்வாதம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சிக்கும்.

பார்சல் ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புக்கிங் போடுகிறவன் நான். என் பார்சலே மூடி உடைந்து வந்து சேர்ந்திருக்கிறது என்றால் வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். கிள்ளிக் கொடுத்தது தப்பு. கை படவே கூடாது என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

உன் பதில்களை இரண்டு தடவை படித்தேன். நீ விளையாட்டாக எழுதியிருக்கிறாய். "எல்லாப் பக்கமும் படுக்கிறாள்" என்பது பதில் இல்லை, அம்மா. ஒரு பிள்ளை வலப்பக்கம் படுப்பதற்கு ஒரு மருந்து, இடப்பக்கம் படுப்பதற்கு வேறு மருந்து. அலோபதிக்காரனுக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று, எல்லா இருமலுக்கும் ஒரே ஊசி. எங்கள் ஹோமியோபதி வைத்தியம் நோயைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. உட்கார்ந்து நிதானமாகக் கவனித்து மறுபடி எழுது.

மருந்து கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. பெருங்காயம். அந்த வாசனை பட்ட மருந்து வெறும் சீனிதான். டப்பாவை வேறு யார் வீட்டிலாவது வைத்துக்கொள். நீயும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது காப்பி குடிக்காதே.

இங்கே ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். உன் மதினி எல்லோருக்கும் மோர் கொடுத்துக் களைத்துப் போகிறாள், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவள் முன்னைப்போல அதிகம் பேசுவதும் இல்லை.

சோலைக்கு நேர்ந்தது பேச்சிக்கு நேர விடமாட்டேன். அதற்காகத்தான் இந்தப் படிப்பெல்லாம் படித்தேன். உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அருஞ்சுனை


திருச்சுழி,
30.11.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாம் செய்தாயிற்று. மருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அக்காவின் அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேளைக்கும் அங்கே போய், வாய் கொப்பளிக்க வைத்து, கை படாமல் காகிதத்திலிருந்தே நாக்கில் கொட்டுகிறேன். நான் காப்பியை விட்டு இருபது நாளாகிறது. தலைவலியோடுதான் அடுப்பு மூட்டுகிறேன். வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். குழம்பில் பெருங்காயம் இல்லை என்று உங்கள் மாப்பிள்ளை இரண்டு நாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அப்புறம் பேச்சிக்கு நேற்று மறுபடி காய்ச்சல்.

கோபப்படாமல் கேளுங்கள். மூடி உடைந்தால் நான் கிள்ளிக் கொடுத்தது தப்பு. மூடி உடையாவிட்டால் என் வீட்டுப் பெருங்காயம் தப்பு. பெருங்காயம் இல்லாவிட்டால் நான் எழுதிய பதில் தப்பு. பிள்ளைக்குக் குணமானால் மட்டும் மருந்து. குணமாகாவிட்டால் பொன்னுத்தாய். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று உங்கள் மாப்பிள்ளை கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கண்ணன் நாப்பது கேள்வி கேட்டு எழுதுறாக. பிள்ளைக்கு மூச்சு விடத் தோதா இருக்கானு ஒரு கேள்வி கேக்கலையே." உங்களுக்காகச் சண்டை போட்டேன். போட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதுங்கள். இதற்குமேல் என்னால் ஆகாது, டாக்டரிடம் கொண்டுபோ என்று உங்கள் வைத்தியம் எப்போதாவது சொல்லுமா? எந்த இடத்தில் சொல்லும்? அந்த இடம் வந்தால் நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பொன்னுத்தாய்


விழுப்புரம்,
9.12.1968

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் இருந்த சூடு எனக்குப் புரிகிறது. பிள்ளை படுத்தால் தாய்க்கு அப்படித்தான் இருக்கும். மாப்பிள்ளை சொன்னதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

மருந்து கொடுத்தபின் நோய் கொஞ்சம் கூடுவது நல்ல அறிகுறி. உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் பயந்துபோய் ஊசி போட்டால் அது நோயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். நம் ஜனங்கள் கெடுவது இங்கேதான்.

யோசித்து, புத்தகங்களைப் புரட்டி, பேச்சியின் குணத்துக்கே பொருந்திய மருந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஒரு பொட்டலம். ஒரே வேளை. அதற்குப்பின் இருபத்தொரு நாள் வேறு எதுவும் கொடுக்காதே. கைவைத்தியமும் வேண்டாம், நெஞ்சில் தைலமும் தேய்க்காதே. பொறுமைதான் மருந்து.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: அப்படி ஒரு இடம் வராது. அண்ணன் இருக்கிறேன்.

அருஞ்சுனை


திருச்சுழி,
31.12.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்டில் இடம் கொஞ்சம்தான். பேச்சி இப்போது நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் அந்தச் சத்தம் இல்லை. நேற்று இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மதினியிடம் சொல்லுங்கள்.

பொன்னுத்தாய்


விழுப்புரம்,
9.1.1969

என் அருமைத் தங்கைக்கு,

உன் கார்டு எனக்குப் பொங்கல் சீர் வந்த மாதிரி. படித்ததும் ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன். தேதியை எண்ணிப் பார்த்தேன். மருந்து கொடுத்து இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ எழுதியிருக்கிறாய். நான் சொன்ன கணக்கு அப்படியே நடந்திருக்கிறது. பார்த்தாயா, பொறுத்தவளுக்குப் பலன் உண்டு.

பேச்சியின் விவரத்தை முழுதாக எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். நாலு வயதுப் பெண் குழந்தை, ஆறு மாதமாக அடிக்கடி நெஞ்சுச்சளி, ஒரே வேளையில் குணம். கடைசியில் உன் கார்டையும் படித்துக் காட்டினேன். பெரியவர்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் நடந்திருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பால்ச்சாமியை உனக்குத் தெரியாது, நம் பக்கத்து ஆள்தான், மல்லாங்கிணறு. அவர் பையனுக்கு ஒன்றரை வயது. பேச்சிக்கு இருந்த அதே தொந்தரவு. மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார். மருந்து நோட்டும் கையுமாக நிற்கும்போதெல்லாம் நான் சொல்லுவேன், கேட்கமாட்டார். இப்போது உன் கார்டைக் கொடுத்து, "என் தங்கச்சி கையெழுத்து, நீரே படிச்சுப் பாரும்" என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்சாரத்திடமும் காட்டியிருக்கிறார். திங்கட்கிழமையோடு ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்துவிட்டார்கள். பையனுக்குக் கொஞ்சம் காய்ச்சல் கூடியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

இந்தப் புண்ணியத்தில் உனக்கும் பங்கு உண்டு.

அன்பு அண்ணன்,
அருஞ்சுனை


திருச்சுழி,
13.1.1969

அண்ணே,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்த கையோடு தபாலாபீசுக்குப் போய், அந்தப் பையனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இதுவும் அவசரத் தபாலில்தான் வருகிறது. தந்தி எழுதிக்கொடுத்தவர், சாவுச் சேதியா என்று கேட்டார். இல்லை, அப்படி ஆகிவிடக் கூடாதென்றுதான் கொடுக்கிறேன் என்றேன்.

பேச்சி உங்கள் மருந்தால் குணமாகவில்லை. ஊசியால் குணமானாள்.

நீங்கள் அனுப்பிய ஒரு பொட்டலத்தையும் கொடுத்தேன். எட்டு நாள் பொறுத்தேன். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை, உங்கள் மாப்பிள்ளை வத்தல் பார்க்கக் காரியாபட்டி போயிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் பேச்சி கஞ்சி வேண்டாம் என்று தள்ளினாள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கூடுவது நல்ல அறிகுறி என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தனம்மாள் அக்காதான் வந்து பார்த்துவிட்டுக் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். "படிச்சது போதும். பிள்ளையத் தூக்கு" என்றார்கள்.

பதினோரு மணி பஸ். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆளும் மூடையும் ஏற்றினார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பிள்ளை பயப்படும் என்று வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனேன்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நிமோனியா என்றார். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நான் சோலையைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் கையில் ஒரு சொட்டு மருந்தைக் குத்தி, தடிக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் ஊசி போட்டார். போட்ட பிறகு எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அண்ணே. எதற்கு ஒரு மணி நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முள் நகர நகர, இதோ இப்போது, இதோ இப்போது என்று இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்தபோது பேச்சி தண்ணீர் கேட்டாள்.

ஏழு நாள் அருப்புக்கோட்டையிலேயே தங்கி, காலையும் மாலையும் ஊசி. கடைசி நாள் டாக்டர் ஒன்று கேட்டார். "வீட்டுல என்ன யாவாரம்?" வத்தல் என்றேன். "மூடை எங்க கெடக்கு?" பிள்ளை படுக்கிற அறைக்கு அடுத்த அறையில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆடியில்தான் அந்த அறையில் வத்தல் அடுக்க ஆரம்பித்தோம். அந்த நெடியும் தூசியும் சுவாசித்துத்தான் நெஞ்சு புண்ணாகி, சளி வந்தால் இறங்க மாட்டேன் என்கிறது என்றார். உங்கள் மாப்பிள்ளை மறுநாளே மூடைகளை ஊருக்கு வெளியே ஒரு கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்காக இனி சளியே பிடிக்காது என்று டாக்டர் சொல்லவில்லை. வளர வளரக் குறையும் என்றார்.

நீங்கள் நாற்பது கேள்வி கேட்டீர்கள். பெருங்காயத்தைக் குற்றம் சொன்னீர்கள். வத்தலைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் உங்களை மட்டும் சொல்லவில்லை.

கார்டில் இதை எழுதாமல் விட்டது என் தப்பு. பொய் எழுதவில்லை, உண்மையையும் எழுதவில்லை. சத்தியத்தை மீறியதைச் சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்தேன். என் கையெழுத்து ஒரு வீட்டில் மருந்தை நிறுத்தும் என்று நான் கண்டேனா?

பால்ச்சாமி அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல் கூடுவது நல்ல அறிகுறி இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

பொன்னுத்தாய்


திருச்சுழி,
6.2.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்திக்கும் பதில் இல்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. தை மாதமும் முடியப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதக் கூடாதா? முகம் தெரியாத அந்தத் தாயை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள். மதினியையாவது எழுதச் சொல்லுங்கள்.

பேச்சிக்குப் போன வாரம் மூக்கு ஒழுகியது. நெஞ்சுக்கு இறங்கவில்லை, நாலு நாளில் நின்றுவிட்டது. விடுபட்ட தடுப்பூசிகளைப் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாசிக் கடைசியில் வரச் சொன்னார். ஊசி என்றாலே இப்போது கையையும் காலையும் உதறி அழுகிறாள். பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பொன்னுத்தாய்


விழுப்புரம்,
24.2.1969

பொன்னுத்தாய்க்கு,

பால்ச்சாமியின் பையன் பிழைத்துக்கொண்டான். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஒரு மாதத்துக்குமேல் ஆஸ்பத்திரியில் இருந்தான். முந்தா நாள்தான் சைக்கிள் முன்கூடையில் உட்கார்ந்து அப்பாவோடு போவதைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறான், ஆனால் மணியை அடித்துக்கொண்டு போனான்.

மற்றதையும் எழுதுகிறேன். உன் தந்தி பதிமூன்றாம் தேதி மத்தியானமே என் கைக்கு வந்துவிட்டது. நாலடி தள்ளி அடுத்த மேஜையில் பால்ச்சாமி உட்கார்ந்திருந்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெண்பிள்ளை பயந்து எழுதியிருக்கிறாள், கடிதம் வரட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பொங்கல். நல்ல நாளும் அதுவுமாக ஏன் என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

பதினாறாம் தேதி உன் கடிதம் வந்தது. நான் வீட்டில் இல்லை. உன் மதினி பிரித்துப் படித்திருக்கிறாள். நான் வந்தவுடன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தந்தி எங்கே என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தாள். "சோலைக்கும் இப்படித்தான் நாள் எண்ணுனீக" என்றாள்.

எட்டு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உனக்கும் சொல்ல வேண்டும். சோலைக்கு அப்போது ஆறு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று உன் மதினி சுப்பம்மாள் மூன்று தடவை கேட்டாள். காய்ச்சல்தானே, தானாக இறங்கும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஏழாம் நாள் தூக்கிக்கொண்டு போனபோது, பிள்ளையைப் பார்த்த உடனேயே டாக்டர், இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றார். அப்புறம்தான் ஊசி போட்டார். ஒரு மணி நேரத்தில் பிள்ளை போய்விட்டான். வெளியே வந்து ஊசி கொன்றுவிட்டது என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினீர்கள். நானும் நம்பிவிட்டேன். டாக்டர் சொன்னதைக் கேட்டவள் சுப்பம்மாள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

உன் கடிதம் வந்த பதினாறாம் தேதியே நாங்கள் இரண்டு பேரும் பால்ச்சாமி வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்றபடியே உன் கடிதத்தை முழுதாக வாசித்தேன். பாதியில் அவர் சம்சாரம் எழுந்து, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். செருப்புக்கூடப் போடவில்லை. சுப்பம்மாளும் பின்னாலேயே போனாள். பால்ச்சாமி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தந்தி என்னைக்கு வந்துச்சு?" பதிமூணாம் தேதி என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றி வாங்கிக்கொண்டார்.

சங்கத்தில் எழுந்து, பேச்சியின் விவரம் தவறு, எழுதி வைத்ததை அடித்துவிடுங்கள் என்றேன். ஒரு ஊசிக்குப் பயந்து கொள்கையை விடலாமா என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை யாராவது பிள்ளையோடு வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். அப்புறம் நீங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். கூட்டம் குறைந்துவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. நீ மறைத்ததற்கு இல்லை, என்னிடம் மறைக்க வேண்டியிருந்ததே, அதற்கு. நீ அன்றைக்குப் பஸ் ஏறாமல் என் கடிதத்தைப் படித்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நீ கேட்டிருந்தாயே, டாக்டரிடம் கொண்டுபோ என்று சொல்லும் இடம் எப்போதாவது வருமா என்று. அப்படி ஒரு இடம் வராது என்று எழுதினேன். அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிடு.

பேச்சிக்கு ஊசி போடும் தேதியை எழுது. லீவு சொல்லிவிட்டு முதல் நாளே வந்துவிடுகிறேன். பிள்ளையை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா, நான் பிடித்துக்கொள்கிறேன். வர வேண்டாம் என்று மாப்பிள்ளை நினைத்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அருஞ்சுனை